ஆப்பிள் மரக் கரி

டிசம்பர் இருபத்தொன்றில் தொடங்கி நாற்பது நாள். காஷ்மீரில் அதற்குச் சில்லை கலான் என்று பெயர். பெருங்குளிர். குழாய்க்குள் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். கூரை விளிம்பில் பனி ஈட்டி ஈட்டியாகத் தொங்கும். ஸ்ரீநகர் பழைய நகரத்தில், ஜீலம் ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருக்கும் மெஹ்தாபா இந்த நாற்பது நாளையும் ஒவ்வொன்றாக எண்ணுகிறவள். சமையலறைச் சுவரில் தினம் ஒரு கரிக்கோடு போடுவாள். ஏழு குளிர்காலம் அப்படி எண்ணி முடித்திருக்கிறாள். ஏழிலும் நாற்பதாவது கோட்டைப் போடும்போது பக்கத்து அறையில் அவள் கணவர் காலிக் இருமிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு ஈத் பிறை கண்ட மாதிரி.

இது எட்டாவது குளிர்காலம்.

காலிக் ஒரு வாசா. கல்யாண விருந்து சமைக்கிறவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பதினான்கு வயதில் மாமாவோடு பாத்திரம் தேய்க்கப் போனவர், நாற்பத்திரண்டு வருஷம் பந்தலுக்குப் பின்னால் நின்றார். தரையில் நீளமாக நெருப்பு, அதன் மேல் வரிசையாக இருபது செம்புப் பானை, நடுவில் இவர். பழமரக் கட்டைதான் எரிப்பார்கள். புகையை மோந்தே, "இது பேரிக்கா, இது வாதுமை, இது ஈரக் கட்டை, வண்டியோட திருப்பி அனுப்பு" என்று சொல்லிவிடுவார். ஐம்பத்தாறாவது வயதில், கல்யாண வீட்டின் மூன்று படியை ஏற முடியாமல் இரண்டாவது படியில் உட்கார்ந்தார். அதோடு தொழில் முடிந்தது.

"சிகரெட் உண்டா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"கிடையாது டாக்டர். ஊர்க் கல்யாணமெல்லாம் என் நெஞ்சுக்குள்ளதான் நடந்துச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. "நுரையீரல்ல போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்தணும். குளிர் ஆகாது. புகை ஆகவே ஆகாது. இந்த நாப்பது நாள் தாண்டினா ஒரு வருஷம் தாண்டினதா வெச்சுக்குங்க."

சொல்லிவிட்டார். குளிரை விரட்ட நெருப்பைத் தவிர வேறு ஒன்றையும் கண்டிராத ஊரில் அதை எப்படிச் செய்வது என்று அவர் சொல்லவில்லை. அதை மெஹ்தாபாதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவள் படித்தது நான்காம் வகுப்பு வரை. ஆனால் இந்த ஒரு பாடத்தில் நர்சுகளே அவளிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆப்பிள் அறுவடை முடியும் முன்பே காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டாக வேண்டும். ஜன்னல்களுக்கு இரட்டை பாலிதீன் அடிப்பாள்; ஆனால் ஒரு மேல் மூலையில் நாலு விரல் இடைவெளி விடுவாள், அறையும் மூச்சு விட வேண்டுமே. எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் ஒன்று. அது ஓடாத நேரத்தில் படுக்கைக்குள் மூன்று வெந்நீர்ப் பை. இன்ஹேலரை நேராக வாயில் அடிக்க விடமாட்டாள். பிளாஸ்டிக் குடுவை வழியாக இழுத்து, பத்து எண்ணி, வாய் கொப்பளித்தால்தான் ஆளை விடுவாள். வெளியே போவதென்றால் மூக்கும் வாயும் மூடி மஃப்ளர். சமையலறையில் எண்ணெய் காய்ந்தால் அவர் அறைக் கதவு சாத்தியாக வேண்டும். விரல் நுனியில் மாட்டிப் பார்க்கும் சின்ன மெஷினில் எண் எண்பத்தெட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. தொண்ணூற்றிரண்டுக்கு மேலே ஏறவும் கூடாது, ஆக்சிஜன் கூடினாலும் இவருக்கு ஆபத்துதான். தினம் பதினாறு மணி நேரம் மூக்கில் குழாய். அந்த ஆக்சிஜன் மெஷின் மின்சாரத்தில் ஓடும். மின்சாரம் அட்டவணைப்படி போகும், அட்டவணைப்படி வராது. அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிலிண்டரும் உண்டு.

இதெல்லாம் கஷ்டமே இல்லை. கஷ்டம் காங்கிரிதான்.

பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, சட்டிக்குள் கனல். அதை ஃபெரன் என்கிற தொளதொள கம்பளி அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் காஷ்மீரத்து மனிதர் குளிர்காலம் முழுக்க நடக்கிறார், பேசுகிறார், தொழுகைக்குப் போகிறார். கனல் தெரியாது, புகையும் தெரியாது. ஆனால் ஆள் ஒருவர் அறைக்குள் வந்தால் அடுப்பு ஒன்று உள்ளே வந்துவிட்டது என்று கணக்கு.

காலிக் அதை விட்டபோது அழுதார். "அம்மா போனப்பக் கூட இவ்வளவு அழல நான்" என்று அவரே சொன்னார். ஆக்சிஜன் மெஷின் பொருத்த வந்தவர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். மூக்கில் குழாயோடு காங்கிரியை மடியில் வைத்திருந்த ஒரு மனிதர். தாடி இருந்த இடத்தில் தாடி இல்லை, தோலும் இல்லை. "ஆக்சிஜன் ஓடறப்ப பக்கத்துல நெருப்பு இருக்கவே கூடாதும்மா. எல்லா வீட்லயும் சொல்றேன், எல்லாரும் தலையாட்டுறாங்க." மெஹ்தாபா தலையாட்டியதோடு நிற்கவில்லை. அன்று மாலையே வாசற்படிக்கு மேலே ஒரு பலகை அடித்தாள். வருகிறவர்கள் காங்கிரியை அங்கே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

நோயாளியை வந்து பார்ப்பது அங்கே கடமை. வந்தவர் கையில் சூடான காங்கிரியைக் கொடுப்பது வீட்டுக்காரியின் கடமை. வருகிறவரிடம் இருப்பதையும் வாங்கி வெளியே வைத்தவளை ஊர் சும்மா விடுமா?

"மெஹ்தாபா வீட்டுக்கா? செருப்போட நெருப்பையும் கழட்டிட்டுப் போ" என்றாள் எதிர்வீட்டு ஜூனா.

"டோக்கன் ஏதாவது தருவியா? திரும்பி வர்றப்ப என்னோடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

காலிக்கின் தம்பி வாசலிலேயே நின்று, "அண்ணன் வீட்ல எனக்கு இந்த மரியாதையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர் மூன்று வருஷமாக வரவில்லை. மெஹ்தாபா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "வெளியவே வைங்க" என்பதை மட்டும் விடவில்லை. ஏழு குளிர்காலம் தாண்டியது அந்த இரண்டு வார்த்தையால்தான் என்று அவளுக்குத் தெரியும்.

போன அக்டோபரில் ஒரே மகள் ரூஹிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு சோப்பூர், ஆப்பிள் தோட்டக்காரர்கள். மாமனார் ஹபீபுல்லா நிதானமானவர், மூன்று கேள்விக்கு ஒரு பதில் சொல்வார். மாமியார் ஜைதூன் அதற்கும் சேர்த்துப் பேசுவாள். நல்ல மனுஷி, சத்தம்தான் அதிகம். முதல் பனி விழுந்ததும் மெஹ்தாபா முறைப்படி மகள் வீட்டுக்குக் காங்கிரி அனுப்பினாள். காங்கிரிக்குப் பேர்போன சராரிலிருந்து வரவழைத்தது, சாயம் ஏற்றிய பிரம்பு, கண்ணாடிச் சில்லு பதித்த கழுத்து, கனல் கிளற வெள்ளி முலாம் பூசிய கரண்டி. தன் வீட்டில் ஏறவிடாத நெருப்பை மகள் வீட்டுக்கு அனுப்பாமல் இருக்க முடியுமா? அனுப்பாவிட்டால் மகளுக்குத் தலைகுனிவு.

பத்தொன்பதாம் நாள். முந்தின நாள் முழுக்கப் பனி கொட்டியிருந்தது. காலை பதினொன்றுக்கு மின்சாரம் போனது. ஹீட்டர் அடங்கியது. ஆக்சிஜன் மெஷின் பெருமூச்சு விட்டு நின்றது. மெஹ்தாபா குழாயைச் சிலிண்டருக்கு மாற்றி, விரலில் மெஷினை மாட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு?" என்றார் காலிக்.

"எண்பத்தொம்பது."

"பாஸ் மார்க்தான்."

சந்து முனையில் ஹாரன் அடித்தது. சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். ஹபீபுல்லா, ஜைதூன், அவர்களுடைய மூத்த மகன், அவன் மனைவி, பின்னால் ரூஹி; மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. ஐந்து ஃபெரன். ஐந்தும் வயிற்றுப் பக்கம் மேடு தட்டியிருந்தன.

மெஹ்தாபா வாசலில் நின்றாள். ஏழு வருஷம் பழகிய இரண்டு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. அதற்குள் ஜைதூன் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"உங்க பீடையெல்லாம் எனக்கு வரட்டும் சம்பந்தியம்மா! இந்தப் பனியில எப்படி வந்தோம்னு கேளுங்க. டிரைவரு பாதி வழியில சாகப்போறவன் மாதிரி கலிமா சொல்ல ஆரம்பிச்சுட்டான். பாருங்க, என்ன கொண்டு வந்திருக்கேன் பாருங்க." ஃபெரனைத் தூக்கிக் காட்டினாள். சாயம் ஏற்றிய பிரம்பு, கண்ணாடிச் சில்லு. மெஹ்தாபா அனுப்பிய அதே காங்கிரி. "மருமககிட்ட இருந்து பிடுங்கிட்டேன். வழியெல்லாம் இதுதான் என் உசுரு. சோப்பூர்ல எங்க தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. சம்பந்தின்னா இப்படி இருக்கணும்னு ஊரே பேசுது."

இதை எப்படி வெளியே வைக்கச் சொல்வது?

ரூஹி மட்டும் பழக்கத்தில் தன்னுடையதைப் பலகைமேல் வைத்துவிட்டு வந்தாள். ஜைதூன் திரும்பிப் பார்த்தாள். "என்ன பொண்ணே இது? பொறந்த வீட்ல கை விறைச்சுப் போய் உக்காந்தா அவமானம் உன் அம்மாவுக்குத்தானே? போய் எடுத்துட்டு வா."

ரூஹி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். ரூஹி போய் எடுத்து வந்தாள்.

பாலிதீன் அடித்த அந்தச் சின்ன அறையில் ஐந்து பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹபீபுல்லா காலிக்கின் கையைப் பிடித்துப் பார்த்தார். "ஐஸ் மாதிரி இருக்கே சம்பந்தி" என்றார். பிறகு, ஒரு காஷ்மீரி இன்னொருவருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதையைச் செய்தார். தன் ஃபெரனுக்குள்ளிருந்து சொந்தக் காங்கிரியை எடுத்து காலிக்கின் மடியை நோக்கி நீட்டினார்.

மூக்கில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மெஹ்தாபாவுக்கு அந்தச் செல்போன் படம் கண்ணில் நின்றது. வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை போதும். "சம்பந்தி, டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்கார்." அவ்வளவுதான். எதிரில் ஜைதூன் தன் மூத்த மருமகளிடம் காங்கிரியின் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மெஹ்தாபா சிலிண்டர் பக்கம் குனிந்தாள். குமிழைத் திருகி மூடினாள்.

"குழாய் வேண்டாமா அவருக்கு?" என்றார் ஹபீபுல்லா.

"நாள் பூரா இழுத்துக்கிட்டே இருக்கக் கூடாதுங்க. நடுநடுவுல விடணும்" என்றாள்.

காலிக் அவளைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு அவரே காதிலிருந்து குழாயைக் கழற்றித் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, இரண்டு கையாலும் காங்கிரியை வாங்கினார். ஃபெரனுக்குள் அது போனதும் அவர் முகம் மாறியதை மெஹ்தாபா பார்த்தாள். எட்டு வருஷமாக அவள் எத்தனை வெந்நீர்ப் பை வைத்தும் வராத முகம்.

கழுத்துப் பட்டி வழியாக வந்த வாசத்தை மோந்தார். "ஆப்பிள் மரம்" என்றார். "பழைய மரம். அம்ப்ரி சாதி."

ஹபீபுல்லா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? என் அப்பா வெச்ச மரம் சம்பந்தி. போன வருஷம் பட்டுப்போச்சு. கிளையெல்லாம் கரி போட்டு வெச்சிருக்கேன்."

"நாப்பது வருஷம் இதை மோந்துதானே சோறு தின்னேன்."

அப்புறம் பேச்சு நிற்கவில்லை. ஒரு கல்யாணத்தில் நாய் மாமிச உருண்டையைத் தூக்கிக்கொண்டு ஓட, மணமகனின் மாமா அதைத் துரத்திக்கொண்டு ஓடிய கதையைக் காலிக் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். அந்த நிறுத்தத்தைக் கதைக்காக என்று நினைத்து எல்லோரும் காத்திருந்து சிரித்தார்கள். மெஹ்தாபா உப்புத் தேநீர் கொண்டு வந்தாள். குல்ச்சா ரொட்டி வைத்தாள். அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தாள். தேநீர் இரண்டாவது சுற்று போனது. பனி பெய்ததால் டிரைவர் டயருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டரை ஆனது. ஒன்றானது.

தட்டை எடுக்கும் சாக்கில் கதவைத் திறந்து வைத்தாள்.

"சாத்துங்க சம்பந்தியம்மா, சாத்துங்க. நோயாளிக்குக் காத்து ஆகாது" என்றாள் ஜைதூன்.

சாத்தினாள். மறுபடி திறந்தாள். மூத்த மகன் எழுந்து, மரியாதையாக, தானே போய்ச் சாத்தினான். மேல் மூலையில் அவள் விட்டிருந்த நாலு விரல் இடைவெளியைப் பார்த்து, "இங்க பிஞ்சிருக்கு அத்தை" என்று பாலிதீனை இழுத்து ஆணியில் மாட்டியும் விட்டான்.

ரூஹி அப்பாவின் நீலம் பாரித்த நகங்களைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். புது மருமகள், மாமனார் எதிரில் வாய் திறக்கவில்லை.

இன்னொரு கதையை ஆரம்பித்த காலிக் பாதியில் நிறுத்தினார். இந்த முறை நிறுத்தம் நீண்டது. தலை மெல்லச் சாய்ந்தது.

"சூடு பட்டதும் தூக்கம் வந்துடுச்சு பாருங்க" என்று ஜைதூன் குரலைத் தாழ்த்தினாள். "எத்தனை நாளாச்சோ பாவம், நிம்மதியாத் தூங்கி. எழுப்பாதீங்க. நாங்க அப்படியே கிளம்பறோம்."

சத்தம் போடாமல், ஒருவர் பின் ஒருவராக, நுனிக்காலில் நடந்து வெளியே போனார்கள். காங்கிரியை அவர் மடியிலேயே விட்டுவிட்டுப் போனார் ஹபீபுல்லா.

சந்து முனையில் வண்டி திரும்பும் வரை மெஹ்தாபா வாசலில் நிற்க வேண்டியிருந்தது. நின்றாள். பிறகு ஓடினாள். காங்கிரியைப் பிடுங்கி வெளியே பனியில் வீசினாள். விரலில் மெஷினை மாட்டினாள். அறுபத்தெட்டு. குமிழைத் திறந்தாள், குழாயை வைத்தாள், கன்னத்தில் தட்டினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நாற்பது வருஷத்தில் அவர் பெயரை அவர் முகத்துக்கு நேரே அவள் சொன்னதில்லை. அவர் கண் திறக்கவில்லை. பாலிதீனைக் கிழித்தாள்.

கத்தல் கேட்டு எதிர்வீட்டு ஜூனா ஓடி வந்தாள், ரொட்டிக்கடைக்காரர் வந்தார், சந்தே வந்தது. வந்தவர்கள் ஒருவர் விடாமல் காங்கிரியை வாசற்பலகையில் வைத்துவிட்டு உள்ளே நுழைந்தார்கள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பழகிப்போயிருந்தது. ரஜாய்ப் போர்வையில் வைத்து நாலு பேர் தூக்கி, முட்டியளவு பனியில் பெரிய ரோடு வரை கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில், முகத்தை இறுக்கிக் காற்றை அடிக்கும் முகமூடியில் நாலு நாள். பிறகு வார்டில் எட்டு நாள்.

"வீட்ல புகை ஏதாவது உண்டா? காங்கிரி, விறகு?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க டாக்டர்" என்றாள் மெஹ்தாபா. டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

சம்பந்திகள் ஆஸ்பத்திரிக்கும் வந்தார்கள். ஜைதூன் நிஜமாகவே அழுதாள். "கதவைத் தொறந்து தொறந்து வெச்சீங்களே சம்பந்தியம்மா. அந்தக் காத்துதான். நான் அப்பவே சொன்னேன்." மெஹ்தாபா தலையாட்டினாள்.

முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இனி பதினாறு மணி நேரம் போதாது, இருபத்துநாலும் குழாய்தான். கழிப்பறைக்கு நடக்க முடியாது. "இன்னொரு தடவை இவ்வளவு இறங்கிச்சுன்னா திரும்பக் கொண்டு வர்றது கஷ்டம்" என்று டாக்டர் சொல்லியனுப்பினார். காலிக் இப்போது அதிகம் பேசுவதில்லை. அன்று நடந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குத் தேவலை. சமையலறைச் சுவரில் ஆஸ்பத்திரியில் போன நாட்களுக்கான பன்னிரண்டு கோடு பாக்கி இருந்தது. மெஹ்தாபா கரித்துண்டை எடுத்தாள், கீழே போட்டுவிட்டாள்.

சாயங்காலம் ரூஹி போன் செய்தாள்.

"அப்பாவைப் பாக்க வெள்ளிக்கிழமை எல்லாரும் வராங்கம்மா."

"ரூஹி, காங்கிரியை வெளிய வெக்கணும்னு நீயே பக்குவமா சொல்லிடு. வண்டியில ஏறறதுக்கு முன்னாடியே சொல்லிடு."

மறுமுனையில் பாத்திரம் உருளும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். ரூஹி வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"நான் எப்படிம்மா சொல்றது?" என்றாள் மெதுவாக. "அன்னைக்கு நீயே சொல்லல இல்ல?"

மெஹ்தாபா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"இன்னொண்ணும்மா. அப்பாவுக்கு அந்த வாசம் ரொம்பப் பிடிச்சுதுன்னு மாமா சொல்லிக்கிட்டே இருக்காரு. தாத்தா மரத்துக் கரியில மிச்சம் இருந்ததையெல்லாம் மூட்டை கட்டி வெச்சிருக்காரு."

வெள்ளிக்கிழமை முப்பத்து நாலாம் நாள். தொழுகை முடிந்ததும் ஹபீபுல்லாவின் வண்டி சோப்பூரிலிருந்து கிளம்பும்; இங்கே வந்து சேர ஒன்றரை மணி நேரம். ஐந்து பேர், இரண்டு மூட்டை ஆப்பிள் மரக் கரி. அட்டவணைப்படி அன்று இந்தச் சந்துக்கு மின்சாரம் மூன்றரைக்குப் போகிறது.